அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

(மாம்புரியில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மாம்புரியிலிருந்தும் நுரைச்சோலை, ஆலங்குடாப் பக்கத்திலிருந்தும் வேலை முடிந்த கையோடு வந்திருக்கிறீர்கள். காலையிலிருந்து தேங்காய் உரித்தவர்களும் தும்பு மில்லில் நின்றவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மாதத்தில் ஒரு நாள் எல்லோரும் ஒன்றாக இருந்து ஒரு நல்ல படம் பார்ப்போம் என்று மகளிர் குழு முடிவெடுத்திருக்கிறது. முதற் படமாக மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வேண்டும் என்று பலர் சொன்னீர்கள். அதிலேதான் வாக்குவாதம் வந்தது. "அது தாய்ப்பாசப் படம்தானே, பிள்ளையே கதாநாயகி, எல்லாரும் பார்க்கலாம்" என்று ஒரு பக்கம். "குண்டு வெடிக்கிற படம், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்" என்று மறு பக்கம். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், சங்க வேலையும் செய்கிறவள் என்பதால் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னீர்கள். தீர்ப்பு என்று இல்லாமல், எப்படி முடிவெடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில் கதை. பார்க்காதவர்களும் இருக்கிறீர்கள்.

படம் வெளிவந்தது 2002 பெப்ரவரியில். அதே பெப்ரவரி 22ஆம் திகதிதான் நமது நாட்டில் அரசாங்கமும் புலிகளும் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். போர் நின்றுவிடும் என்று எல்லோரும் நம்பியிருந்த நேரம்.

இலங்கையின் வடக்கில் ஒரு கிராமம். சியாமா என்ற பெண்ணுக்குக் கலியாணம் நடக்கிறது. புருஷன் இயக்கத்துக்குப் போய்விடுகிறான். வயிற்றில் பிள்ளையோடு அவள் வள்ளம் ஏறி இராமேஸ்வரத்துக்குப் போகிறாள். அகதி முகாமில் பெண் பிள்ளை பிறக்கிறது. அந்தக் குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு அவள் ஊருக்குத் திரும்பிவிடுகிறாள். அந்தக் குழந்தையைப் பற்றிக் கதை எழுதிய திருச்செல்வன் என்ற எழுத்தாளர் அவளைத் தத்தெடுக்க விரும்புகிறார். கலியாணம் ஆகாதவருக்குப் பிள்ளை தர மாட்டோம் என்கிறார்கள். அவர் இந்திராவைக் கலியாணம் செய்கிறார். அமுதா அவர்களுடைய பிள்ளையாக வளர்கிறாள். பிறகு அவளுக்குத் தம்பிமார் இருவர் பிறக்கிறார்கள். ஒன்பதாவது பிறந்த நாளில் அவளிடம் உண்மையைச் சொல்கிறார்கள். "என்னைப் பெத்தவ யார்? என்னை ஏன் விட்டுட்டுப் போனா?" என்ற கேள்வி அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்குச் சொல்லாமல் இராமேஸ்வரத்துக்கே போய்த் தேடுகிறாள். கடைசியில் வளர்த்த தாயும் தகப்பனும் அவளைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு வருகிறார்கள். நடுப் போரில் அந்தத் தாயைக் கண்டும்பிடிக்கிறார்கள்.

சியாமாவாக நந்திதா தாஸ், இந்திராவாக சிம்ரன், திருச்செல்வனாக மாதவன். அமுதாவாக நடித்த கீர்த்தனாவுக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. படத்தின் பெயர் பாரதியாரின் கண்ணம்மா பாட்டில் வருகிற வார்த்தை. பிள்ளையைத் தூக்கிவைத்துப் பாடுகிற பாட்டு என்பதால், பெயரைக் கேட்டதும் இது பிள்ளைகளுக்கான படம் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். பெயரிலும் பிள்ளை இருக்கிறது, சுவரொட்டியிலும் பிள்ளை இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றி எடுத்த படம் பிள்ளைகளுக்காக எடுத்த படம் ஆகிவிடாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடித்த பிள்ளைக்கு ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் டைரக்டர் "கட்" சொல்லியிருப்பார். பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள், சாப்பாடு வந்திருக்கும். பார்க்கிற பிள்ளைக்கு அந்தக் "கட்" கிடைப்பதில்லை.

சரி, இந்தப் படத்தில் பிள்ளைகளுக்குப் பாரமாகக்கூடியவை என்ன? மூன்று இருக்கின்றன என்பது என் கணிப்பு.

முதலாவது, எல்லோருக்கும் கண்ணில் படுகிறது: வன்முறை. அமுதா இருக்கும் இடத்துக்கு அருகிலேயே தற்கொலைக் குண்டு வெடிக்கிறது. தாயைச் சந்திக்கப் போகிற இடத்தில் துப்பாக்கிச் சண்டை வந்து இந்திரா காயப்படுகிறாள். ஒரு கிராமமே மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு நடக்கிற காட்சி இருக்கிறது.

"எங்கட பிள்ளைகள் பார்க்காத வெட்டுக் குத்தா? ஒரு படத்தில ஒரு ஆள் நூறு பேரை அடிக்கிறான், அதைக் கைதட்டிப் பார்க்குதுகள்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் சண்டையில் அடி வாங்குகிறவன் யார் என்று பிள்ளைக்குத் தெரியாது, அவனுக்கு வீடு இல்லை, பெயர் இல்லை. இங்கே பயந்து ஓடுகிறது தன்னைப் போலவே கேள்வி கேட்கிற, அடம் பிடிக்கிற ஒரு பிள்ளை. ஏழு எட்டு வயதுப் பிள்ளை அதைத் தள்ளி நின்று பார்க்காது. இராத்திரி கனவில் வரும்.

இரண்டாவது, இரகசியம். இத்தனை வருஷமும் அம்மா என்று கூப்பிட்டவள் பெற்றவள் இல்லை என்பதை ஒரு பிள்ளை தெரிந்துகொள்கிறது. இந்தக் கூட்டத்தில் இருக்கிற வீடுகளை நினைத்துப் பாருங்கள். அக்காவின் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். தாய் இறந்துபோய் சித்தியை அம்மா என்று கூப்பிடுகிற பிள்ளை இருக்கும். யாரும் தப்புச் செய்யவில்லை, அன்பினால்தான் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பிள்ளை நூறு பேர் நடுவில் பாயில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் "நானும் அப்படியா?" என்று கேட்டால், அல்லது கேட்காமலே படுத்துவிட்டால், என்ன செய்வோம்? சொல்லவேண்டிய உண்மையை வீட்டில், மடியில் வைத்துச் சொல்லவேண்டும். அந்த வேலையைப் படத்திடம் கொடுக்கக்கூடாது.

மூன்றாவதுதான் நமக்கு எல்லாவற்றிலும் பெரியது. அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அந்தத் தாயால் பதில் சொல்ல முடிவதில்லை. பிள்ளை கேள்விகளைத் தயார்பண்ணி வைத்துக்கொண்டு வருகிறாள். கடைசியில் மழையில் நின்று கேட்கிறாள். அந்தத் தாய் அழுகிறாள். எங்களோடு வந்துவிடுங்கள் என்றால் அதற்கும் அவளால் வர முடியாது. ஒரு நாள் இங்கே சமாதானம் வரும் என்ற நம்பிக்கையோடு படம் முடிகிறது. பெரியவர்களுக்கு அது போதும். அவள் ஏன் பேசாமல் நிற்கிறாள் என்று நமக்கு விளங்குகிறது. பிள்ளைக்கு விளங்குமா?

நம் வகுப்புகளில் இருக்கிற பிள்ளைகளைப் பாருங்கள். எத்தனை பேருடைய அம்மா குவைத்தில், சவூதியில், கட்டாரில்? "என் அம்மா" என்று கட்டுரை எழுதச் சொன்னால், சில பிள்ளைகள் அம்மா சமைக்கிற சாப்பாட்டைப் பற்றி எழுதும். சில பிள்ளைகள் அம்மா அனுப்பிய பொருட்களை வரிசையாக எழுதும். ஒன்றிரண்டு பிள்ளைகள் பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கும், மணி அடிக்கும் வரை. "அம்மா ஏன் என்னை விட்டுட்டுப் போனா?" என்ற கேள்வி அவர்களுக்குப் படத்தில் வருகிற கேள்வி அல்ல. தினமும் படுக்கும்போது இருக்கிற கேள்வி. அதை ஒரு திரையில் பெரிதாகப் போட்டு, இசையோடு காட்டி, பதில் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனால், அந்தப் பிள்ளைக்கு நாம் செய்தது என்ன?

அப்படியானால் காட்டவே வேண்டாமா என்று கேட்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இதே படம் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடிய நல்லதும் பெரிது.

இந்திராவைப் பாருங்கள். பெற்ற தாயைத் தேடிப் பிள்ளை துடிக்கும்போது, வளர்த்த தாய்க்கு எவ்வளவு நோகும்? அந்த நோவோடு அவளே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தேடப் போகிறாள். அம்மம்மாவிடமும் பெரியம்மாவிடமும் வளருகிற பிள்ளைகள் அதைப் பார்க்கவேண்டும். தலை சீவி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்புகிறவள் ஏதோ இடைக்கால ஆள் இல்லை, அவளும் தாய்தான் என்று அந்தப் படம் சொல்கிறது. அதேபோல அந்தக் குடும்பத்துக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்து உதவுகிற டாக்டர் ஹரோல்ட் விக்கிரமசிங்க ஒரு சிங்களவர். போர்ப் படம் என்றால் ஒரு இனம் நல்லது, ஒரு இனம் கெட்டது என்று கணக்குப் போடப் பழகிய பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பாடம். விட்டுப்போன தாயும் பிள்ளையை மறந்தவள் இல்லை என்பதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிற பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, இப்படி இன்னொரு பிள்ளையும் கேட்டிருக்கிறது என்று தெரிவதே ஒரு ஆறுதல்.

ஆகவே படத்தில் குறை தேடி இதற்குப் பதில் கிடைக்காது. எந்தப் பிள்ளை பார்க்கிறது, யாரோடு பார்க்கிறது, பார்த்த பிறகு யாரிடம் கேட்கும் என்று பார்த்தால்தான் பதில் வரும்.

"அதற்குத்தானே தணிக்கை சபை இருக்கிறது?" என்று ஒரு தோழர் கேட்டார். இருக்கிறது, தேவையும்தான். இந்தியாவில் 2024ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தி, பெரியவர்களின் வழிகாட்டலோடு பார்க்கவேண்டிய படங்களை 7 வயது, 13 வயது, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல காரியம். நமது நாட்டிலும் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற பலகை தியேட்டர் வாசலில் தொங்கியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரசாங்கத்தின் முடிவுகளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அசோக ஹந்தகமவின் 'அக்ஷரய' என்ற சிங்களப் படத்துக்குத் தணிக்கை சபை வயது வந்தோருக்கான அனுமதி கொடுத்தது. 2006இல் கலாசார அமைச்சு அதை நிறுத்தியது. அதுவும் ஒரு தாயையும் மகனையும் பற்றிய படம்தான். அந்தப் படம் பற்றிய வழக்கு எனக்கு இங்கே முக்கியமில்லை. சபையும் அமைச்சும் ஒரு படத்தைப் பற்றி இரண்டு விதமாக நினைக்கலாம் என்றால், பலகையை மட்டும் நம்பி நாம் உட்கார முடியாது.

இன்னொன்று, பலகை தொங்குவதற்கு வாசல் வேண்டும். இப்போது பிள்ளைகள் படம் பார்ப்பது ஃபோனில். அம்மா வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய ஃபோனிலேயே பார்க்கிறார்கள். அங்கே டிக்கெட் கிழிக்கிறவர் இல்லை. தணிக்கை சபைக்கு ஒரு பிள்ளையின் வயது தெரியும். அந்தப் பிள்ளையின் அம்மா எங்கே என்று தெரியாது. அது நமக்குத்தான் தெரியும்.

இனி என் யோசனை. சரியென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விவாதியுங்கள்.

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டாம். ஐந்தாம் தரம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அவர்களுக்கு வேறு அறையில் வேறு ஏற்பாடு செய்வோம். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயது வரை, தங்களை வளர்க்கிறவரோடு மட்டும் வரட்டும். பக்கத்து வீட்டு அக்காவோடு வருவது போதாது. அம்மம்மா வளர்த்தால் அம்மம்மா வரவேண்டும். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்க்கலாம். ஆனால் படம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் இருந்து கதைக்கவேண்டும் என்பது நிபந்தனை. வயது என்பது ஒரு கோடுதான். பன்னிரண்டு வயதில் திடமான பிள்ளை உண்டு. பதினாறு வயதில் போன மாதம்தான் அம்மாவை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்த பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இந்த மாதம் வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் பார்க்கட்டும்.

காட்டுவதற்கு முன் நாம் செய்யவேண்டியவை நான்கு.

ஒன்று, பெரியவர்கள் முதலில் பார்ப்போம். "நல்ல படமாம்" என்று கேள்விப்பட்டுக் காட்டுவது, ருசி பார்க்காமல் பிள்ளைக்கு மருந்து கொடுப்பது போல. அத்தோடு பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, கையில் ஒன்றுமில்லாமல் இந்தக் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கிய குடும்பங்கள் நம்மோடு இருக்கின்றன. ஊரை விட்டு நடக்கிற அந்தக் காட்சி அவர்களுக்குப் படம் இல்லை. பார்க்க மனமில்லாத பாட்டியை "சும்மா வாங்க" என்று இழுத்து வரவேண்டாம்.

இரண்டு, யார் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வோம். பெயர் எழுதித் தாருங்கள். வீட்டில் சொல்லப்படாத விஷயம் ஏதும் இருந்தால், காரணம் சொல்லத் தேவையில்லை, "என் பிள்ளை இந்த முறை வராது" என்று மட்டும் சொல்லுங்கள். யாரும் துருவிக் கேட்கக்கூடாது. அதை வைத்து லயத்தில் கதை கட்டவும் கூடாது.

மூன்று, தாய் வெளிநாட்டில் என்றால் அந்தத் தாயிடம் சொல்லுங்கள். "இப்படி ஒரு படம் காட்டப் போறம், பிள்ளை உன்னட்ட ஒரு கேள்வி கேட்கும்" என்று முதலே சொல்லிவையுங்கள். அவளுக்கும் யோசிக்க நேரம் வேண்டும். எஜமானி வீட்டு அடுப்படியில் நின்று, இரகசியமாக எடுத்த ஃபோனில், திடீரென்று அந்தக் கேள்வியைக் கேட்டால் அவளும் சியாமாவைப் போல அழத்தான் செய்வாள். படம் பார்த்த இரவு அல்லது அடுத்த நாள் அவளால் கதைக்கக்கூடிய நேரத்தைக் கேட்டு, அதற்கேற்பத் திகதி வைப்போம்.

நான்கு, நடுவில் நிறுத்த வெட்கப்படக்கூடாது. ஒரு பிள்ளை எழுந்து போனால் பின்னாலேயே ஒருவர் போகவேண்டும். "படம்தானே, அழாதே" என்று அதட்டவேண்டாம். பிள்ளை அழுவது தப்பில்லை, தனியாக அழ விடுவதுதான் தப்பு. குண்டு வெடிக்கிற காட்சி எப்படி எடுக்கப்படுகிறது என்று முதலே சொல்லிவைத்தால் சின்னவர்களுக்குப் பயம் குறையும். அமுதா வீட்டுக்குச் சொல்லாமல் புறப்பட்டுப் போகிற இடத்தில் கட்டாயம் நிறுத்திக் கதைக்கவேண்டும். படத்தில் அவள் பத்திரமாகக் கிடைத்துவிட்டாள். புத்தளம் பஸ் நிலையத்தில் தனியாக இறங்குகிற பிள்ளைக்கு அப்படி நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். படம் முடிந்து, பிள்ளை கேட்கிறது: "எங்கட அம்மா ஏன் போனா?" என்ன சொல்வோம்?

நாம் வழக்கமாகச் சொல்வது: "உனக்காகத்தானே போனா. உன்னைப் படிப்பிக்கத்தானே அங்க கிடந்து கஷ்டப்படுறா. நீ நல்லாப் படிக்கவேணும்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது? "நான் பிறக்காமல் இருந்திருந்தா அம்மா போயிருக்க மாட்டா" என்று விழுகிறது. கணக்கில் ஐந்து புள்ளி குறைந்தால், அம்மாவின் கஷ்டத்தையே வீணாக்கிவிட்டதாக அந்தப் பிள்ளை நினைக்கிறது. கடனைப் பெரியவர்கள் வாங்கி, வட்டியைப் பிள்ளையின் தலையில் போட்ட மாதிரி.

அதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லுங்கள். "தோட்டத்துச் சம்பளத்தில நாங்க சீவிக்க முடியல்ல. வீட்டுக்குக் கூரை இல்ல, நுண்கடன்காரன் வாசல்ல வந்து நின்டான். அதால அம்மா போக வேண்டி வந்தது. அது உன் பிழை இல்ல. அம்மாவின் பிழையும் இல்ல." பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். நாம் நினைப்பதைவிட நன்றாகவே விளங்கும்.

அந்தப் படத்தில் சியாமா பதில் சொல்லாமல் நிற்பதற்குக் காரணம், பதில் அவளிடம் இல்லை, போரில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சம்பளச் சீட்டில் இருக்கிறது. இதனால்தான் இந்தப் படத்தைப் பற்றிக் கதைப்பது சங்கத்துக்கும் உரிய வேலை என்கிறேன். "சங்கத்துக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டவர்களுக்கும் இதுதான் என் பதில்.

தாய்மையைப் பற்றிப் பேசுவதில் நமது நாட்டில் குறைவே இல்லை. மேடையில் தாய் தெய்வம். ஆனால் 2013இல் அரசாங்கம் 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்று கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள பெண்கள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதைத் தடுத்தபோது, அந்த அறிக்கையைத் தகப்பன்மாரிடம் யாரும் கேட்கவில்லை. போகாதே என்று சொன்னவர்கள், போகாமல் இருப்பதற்கான சம்பளத்தையும் கொடுக்கவில்லை. நிபந்தனைகள் பிறகு மாறின. பிள்ளையை விட்டுப் போனவள் என்ற பழி மட்டும் பெண்ணின் மேலேயே நிற்கிறது. பிரசவ லீவு எத்தனையாவது பிள்ளைக்கும் 84 நாள் என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதுவே போராடிக் கிடைத்ததுதான். அந்த 84 நாளும் முழுச் சம்பளத்தோடு உங்களுக்குக் கிடைக்கிறதா, பால் குடிக்கிற பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இடைவேளை கிடைக்கிறதா என்று சங்கத்தில் வந்து சொல்லுங்கள். பிள்ளை பராமரிப்பு நிலையம் ஒழுங்காக நடந்தால், இங்கேயே கைக்குப் போதுமான சம்பளம் கிடைத்தால், எத்தனை தாய்மார் போகாமல் இருந்திருப்பார்கள்?

பார்த்த பிறகு கதைக்கும்போது பிள்ளைகளிடம் "கதை விளங்கிச்சா? படிப்பினை என்ன?" என்று பரீட்சை வைக்கவேண்டாம். "உனக்கு ஆரைப் பிடிச்சது? நீ அமுதாவா இருந்தா என்ன கேட்டிருப்பா?" என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். பிள்ளையின் அபிப்பிராயத்துக்கு மதிப்புக் கொடுக்கவேண்டும் என்று ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சாசனம் சொல்கிறது. நமது நாடு 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. தீங்கானவற்றிலிருந்து பிள்ளையைக் காக்கவேண்டும் என்பதும் அதே சாசனத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். காப்பாற்றுகிறேன் என்று வாயைப் பொத்துவதும் பிழை. சுதந்திரம் என்று ஃபோனைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதும் பிழை.

சில பிள்ளைகள் அன்றைக்கு ஒன்றும் பேசாது. ஒரு வாரம் கழித்துச் சோறு சாப்பிடும்போது கேட்கும். அன்றைக்கும் பதில் சொல்லத் தயாராக இருங்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்கூடம் வர மறுத்து நாட்கள் போனால் எங்களிடம் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். வெளிநாட்டில் இருக்கிற தாயோடு தொடர்பு அறுந்துபோனால், சம்பளம் வராமல் நின்றால், வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம் 1989. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள்.

முடிவாக மூன்று பிரேரணைகளை வைக்கிறேன். முதற் காட்சி பெரியவர்களுக்கு மட்டும். அதைப் பார்த்த பிறகு, பிள்ளைகளுக்குக் காட்டலாமா, எந்த வயதிலிருந்து என்று பார்த்தவர்களே வாக்கெடுத்து முடிவு செய்யட்டும். அந்த வாக்கெடுப்பில் பிள்ளை வளர்க்கிற பாட்டிமாருக்கும் கட்டாயம் குரல் இருக்கவேண்டும். இரண்டாவது, காட்சிக்குப் பிறகு பிள்ளைகளோடு இருந்து கதைக்க ஐந்து பேர் வேண்டும். அதில் இரண்டு பேராவது ஆண்களாக இருக்கட்டும். தாய்மையைப் பற்றிக் கதைப்பது தாய்மாரின் வேலை மட்டும் என்று தகப்பன்மார் சுவரில் சாய்ந்து நிற்கக்கூடாது. மூன்றாவது, வெளிநாட்டில் தாய் உள்ள பிள்ளைகளின் பட்டியலைச் சங்கம் எடுக்கவேண்டும். படத்துக்காக மட்டும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பின்நேரப் படிப்புக்கும், அம்மாவோடு வாரத்தில் ஒரு நாள் நிம்மதியாக முகம் பார்த்துக் கதைப்பதற்கும் நமது மண்டபத்தில் ஏற்பாடு செய்யலாம்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் போகும்போது வாசலில் கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் இப்போதே எழுந்து சொல்லுங்கள். சைக்கிளில் ஏறின பிறகு சொல்லவேண்டாம்.